வரவேற்பறையில் ஒரு பரீட்சை

எங்கள் கம்பெனி தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் அத்தான் மேடையில் பேசுவதை மட்டும் கேட்டவர்கள், நாங்கள் ராக்கெட்டோ அல்லது ராக்கெட்டுக்குள் போகிற ஏதோ ஒரு முக்கியமான பாகமோ செய்வதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூடிதான். வட்ட மூடி, சதுர மூடி, பூட்டுப் போடுகிற மூடி. கறுப்பிலும் கிடைக்கும், நீலத்திலும் கிடைக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். இருபது வருடம் விற்பனைப் பிரிவில் கிடந்தவரை மூன்று வருடத்துக்கு முன் 'மாற்றத் துறைத் தலைவர்' ஆக்கினார்கள். எதை மாற்றுவது என்று உத்தரவில் எழுத மறந்துவிட்டார்கள். மூடியை மாற்ற முடியாது. ஜனங்கள் அதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அத்தான் ஆறு மாதம் யோசித்தார். பிறகு மேசைகளின் மேல் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்கள் அவர் கண்ணில் பட்டன. இனி எல்லா வேலையும் ஸ்மார்ட்போனில்தான் என்று அறிவித்தார். திட்டத்தின் பெயர் 'உள்ளங்கையில் அலுவலகம்'. மறுநாள் மத்தியானத்துக்குள் அவருக்கு ஆபீஸில் 'உள்ளங்கை' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவன் நான். அவர் சிபாரிசில்தான் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை என்பதால், அவர் இல்லாத இடங்களில் மட்டும் தைரியமாகச் சொல்வேன். அவர் வந்தால் எழுந்து நின்று கதவைத் திறந்து பிடித்துக்கொள்வேன். பத்து வருடப் பழக்கம்.

நியாயமாகச் சொன்னால், ஃபோனால் நல்லதும் நடந்தது. லாரி டிரைவர்கள் சரக்கு இறக்கிய சீட்டைப் போட்டோ எடுத்து அங்கிருந்தே அனுப்பினார்கள். விற்பனைப் பையன்கள் மழையில் நனைந்த ஆர்டர் புத்தகத்தை வெயிலில் காயவைப்பது நின்றது. வெளியே அலைகிறவர்களுக்கு அது வரம்தான். உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு கட்டம் அகலமுள்ள சரக்குப் பட்டியல் ஒன்று உண்டு. அதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பேர் மூன்று ஃபோன்களை மேசைமேல் வரிசையாக ஒட்டிவைத்து, நாலாவது ஆள் "தள்ளுங்க" என்று சொல்ல, மூன்று கட்டைவிரல்கள் ஒரே சமயத்தில் தள்ளின. ஒரு விரல் வேகமாகப் போய்விட்டால் வட்ட மூடியின் கணக்குச் சதுர மூடியின் தலையில் உட்காரும். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, கூட்டு முயற்சி வளர்ந்திருக்கிறது என்று மாத அறிக்கையில் எழுதினார்.

இதில் கம்பெனிக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அத்தான் ஊர் ஊராகப் போய்க் காட்டிய அந்தப் படங்கள், அம்புக்குறிகள், 'மேசைக் கம்ப்யூட்டருக்கு ஓர் இரங்கல் உரை' என்று தலைப்புப் போட்ட பக்கம், எதுவுமே ஃபோனில் செய்ததில்லை. அத்தனையும் அக்கா தன் வீட்டில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருந்த பழைய டெஸ்க்டாப்பில் செய்து கொடுத்தது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார், பெரிதாக்குவாள். அம்பு இன்னும் வேகமாகப் போகிற மாதிரி தெரிய வேண்டும் என்பார், அதையும் செய்வாள். முடிந்ததும் அவர் ஃபோனுக்கு அனுப்பிவிடுவாள். மேடையில் அவர் அந்த ஃபோனை உயர்த்திப் பிடித்து, "இதெல்லாம் இதுக்குள்ளேயே பிறந்தது" என்பார். கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

அக்காவுக்கு அந்த டெஸ்க்டாப்பில் வேறு வேலை இருந்தது. அவள் வீட்டு வரைபடம் போடுகிறவள். பத்தொன்பது வருடமாக ஓர் இன்ஜினியருக்கு வீட்டிலிருந்தே வரைந்து தருகிறாள். மனை எங்கே கோணலாக இருக்கிறது, படிக்கட்டு எங்கே தலையில் இடிக்கும், சமையலறைச் சன்னல் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறை தெரியுமா, எல்லாம் இவள் பார்ப்பாள். தாளின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் இன்ஜினியரின் பெயரும் உரிம எண்ணும் வரும். அவர் கையெழுத்துப் போடுவார். வேலையில் பாதி அதுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

உரிமப் பரீட்சை எழுதி அக்காவும் அந்தக் கட்டத்துக்குள் போகலாம். படிப்புச் சான்றிதழ் இல்லாதவர்களை, பதினைந்து வருட அனுபவம் இருந்தால் அனுமதித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருடத்தோடு அந்தச் சலுகை முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. அக்காவுக்கு ஐம்பத்தொன்று. இரண்டு வருடமாக விதிமுறைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். காய் நறுக்கும்போதுகூட, இரண்டு மாடி வீட்டுக்குப் படிக்கட்டின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நம்மைக் கேட்டுவிட்டு அவளே பதில் சொல்வாள்.

பரீட்சை வீட்டிலிருந்தே எழுதலாம். மூன்று மணி நேரம். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நிபந்தனை: எந்த மெஷினில் எழுதப் போகிறோமோ அதை இரண்டு வாரம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பிறகு மெஷினை மாற்ற முடியாது; அறை எதுவானாலும் சரி. பதிவு செய்த அன்று நான் பக்கத்திலேயே இருந்தேன். கேமராவைத் திருப்பி அறையின் நாலு சுவரையும் காட்டியது நான்தான். அத்தானிடமும் அக்கா தேதியைச் சொன்னாள். அவர் ஃபோனைப் பார்த்தபடி "ம்... சூப்பர்" என்றார். வீடு தீப்பிடித்தது என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை அக்கா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை அளப்பதற்காக இன்ஜினியரின் ஆட்களோடு வெளியூர் போனாள். வியாழக்கிழமை காலை அத்தான் என்னைக் கூப்பிட்டார். தொழிலதிபர்கள் மாநாட்டுக்காக 'மேசையில்லாத மனிதர்' என்று அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கிறார்களாம். வீட்டிலும் எடுப்பார்களாம். நான் போனபோது அவர் டெஸ்க்டாப்பின் பக்கத்தில், விருந்தாளி வரும் நேரத்தில் வீட்டுக்குள் புகுந்த நாயைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே துணி போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குத் துணி போட்டால் துணி போட்ட கம்ப்யூட்டர் மாதிரியேதான் இருந்தது.

அப்போது முதலாளியிடமிருந்து போன் வந்தது. அத்தான் என்ன உளறினாரோ, பேசி முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் கம்பெனி செய்த முதல் மூடியை வைத்திருந்தோம். அதை எடுத்துவிட்டு, மாற்றத் துறைத் தலைவர் வீட்டின் கடைசிக் கம்ப்யூட்டரை அங்கே வைக்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அத்தான் என்னைப் பார்த்து, தூக்கு என்றார்.

என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை இருக்கிறது அத்தான், இதில்தான் எழுத வேண்டும். அவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொல்வதற்குப் பதிலாக நான், "கண்ணாடிக்குள்ள வைக்கிற அளவுக்கு இது என்ன குத்தம் பண்ணிச்சு அத்தான்?" என்றேன். படம் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தானே சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக மானிட்டரை நான் தூக்கினேன். சிபியூ பெட்டியைக் கம்பெனி டிரைவர் தூக்கினார். சாயங்காலம் அத்தானிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். தின்றுகொண்டே சொல்வது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. 'இறுதி மேசைக் கணினி. இதன் பணி நிறைவுற்றது' என்று பித்தளைத் தகட்டில் எழுதி வைத்தார்கள். ஸ்டோர்ஸ்காரன் என்கிற முறையில் மெஷினின் முதுகில் கம்பெனிச் சொத்து எண்ணை ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் வளையத்தில் மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா ஊரிலிருந்து வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். பையைக் கீழே வைத்தாள். மேசையைப் பார்த்தாள். மேசையில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் இருந்தது.

"மெஷின் எங்கங்க?"

அத்தான் விளக்கினார். கௌரவம் என்ற சொல் நாலு முறை வந்தது; வியாழக்கிழமை மானிட்டரைத் தூக்கியவன் நான் என்பதும் ஒரு முறை வந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, நாளைக்குப் பரீட்சை என்றாள். அவர் முகத்தில் முதலில் ஒரு வெளுப்பு ஓடியது. உடனே சுதாரித்துக்கொண்டு தன் ஃபோனையே நீட்டினார். வரைபடம் போடும் செயலி இதிலேயே இருக்கிறதாம், இறக்கிக்கொண்டால் போதுமாம். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறதாம்.

அக்கா பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்து முதல் வரியைப் படித்தாள். "தேர்வர் தம் கைப்பேசியை அணைத்து வேறு அறையில் வைத்துவிட வேண்டும்." தாளை மடித்தாள். "ஃபோனை உள்ளேயே விடமாட்டாங்க. நீங்க அதுலயே எழுதச் சொல்றீங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, மெஷினைக் கொண்டுவந்துவிட முடியுமா என்று கேட்டாள். கம்பெனிச் சொத்து வாசலைத் தாண்ட கேட் பாஸ் வேண்டும். ஸ்டோர்ஸ் கையெழுத்து ஒன்று, முதலாளி கையெழுத்து ஒன்று. எவனோ ஒரு மின்விசிறியை வீட்டுக்கு எடுத்துப் போனதற்காக அந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவான் நான்தான். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். ஆனால் கேட்க வேண்டியவர் அத்தான். கம்ப்யூட்டருக்கு இரங்கல் உரை வாசித்தவர், அதை ஒரு நாளைக்கு உயிரோடு அனுப்பச் சொல்லி எப்படிக் கேட்பார்? அவர் வேறு யோசனை சொன்னார். நாளை விடுமுறை, ஆபீஸில் காவலாளி மட்டும்தான் இருப்பார். அங்கேயே போய் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று மணி நேரம்தானே.

அக்கா என்னைப் பார்த்தாள். சாவி என்னிடம்தான் இருந்தது; அன்று ராத்திரியே மெஷினைக் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மிஞ்சிப்போனால் ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள். அப்போது எனக்குத் தோன்றியது, "நெட் வயர் அங்கேயே இருக்குக்கா, வசதிதான்" என்பது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குப் பரீட்சை; ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டோம். பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து வயர்களைச் செருகினேன். மெஷினுக்குக் கோபமேதும் இல்லை, உடனே விழித்துக்கொண்டது. பெட்டி உயரம், வரவேற்பறைச் சோபா பள்ளம். அதனால் சதுர மூடிகளில் நாலை அடுக்கி, மேலே மெத்தையைப் போட்டு அக்காவை உட்காரவைத்தேன். அக்கா அசைந்து பார்த்துவிட்டு, "உங்க கம்பெனி மூடிக்கு இப்பதான்டா ஒரு உபயோகம் கண்டுபிடிச்சிருக்கோம்" என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கண்காணிப்பாளராக ஓர் இளம்பெண் குரல் வந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். கேமரா பித்தளைத் தகட்டின் மேல் போனதும், நிறுத்துங்கள், அது என்ன பலகை, விடைக்குறிப்பா என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது எங்க வீட்டுக்காரர் எழுதினது."

கேமராவைத் தகட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள். படித்திருப்பாள். பிறகு வாழ்த்துகள் மேடம் என்றாள். எதற்கு வாழ்த்து என்று சொல்லவில்லை. வேறு ஆளோ ஃபோனோ கேமராவில் தெரிந்தால் பரீட்சை அந்த நிமிடமே முடிந்துவிடும், மேல்முறையீடு கிடையாது என்று இரண்டு முறை நிதானமாகச் சொன்னாள். அக்காவின் ஃபோனை அணைத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே, வாசல் கதவுக்குப் பக்கத்தில், கேமராவில் படாத ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் வேலை ஒன்றே ஒன்று: யாரையும் உள்ளே விடக்கூடாது. அத்தான் காரை மதில் நிழலில் நிறுத்தி அதிலேயே இருந்தார். காவலாளியிடம் முன்பக்கம் வராதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அவர் பின்னால் போய் மோட்டார் அறை வாசலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு வழியாக அக்காவின் முதுகும் திரையும் தெரிந்தன. முதலில் வெறும் வெள்ளையாக இருந்தது. பிறகு மனையின் எல்லைக்கோடு வந்தது. சுவர்கள் வந்தன. அவள் வரைவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் ஏதாவது பேசியபடி. இப்படி வாயை மூடிக்கொண்டு பார்த்ததில்லை. சன்னல்களை எண்ணினேன். மாடிப்படி இரண்டாக மடங்கித் திரும்பியது. ஒரு சுவரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்து முழு வீட்டையும் பார்த்தாள்; மறுபடி குனிந்து அந்தச் சுவரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கீழ்த்தளம் முடிந்திருந்தது. மேல்தளத்திலும் பாதி. அவளுக்கு நேரம் மிச்சமாகும் என்று எனக்கே தெரிந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு அத்தான் காரிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். கையில் ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அதில் முதலாளியின் முகம். விஷயம் பிறகுதான் எனக்கு விளங்கியது. வரவேற்பறையின் பாதுகாப்புக் கேமராவை முதலாளி தன் ஃபோனிலேயே பார்க்கலாம். அந்த வசதியைச் செய்து கொடுத்ததே அத்தான்தான். வெளிநாட்டு ஓட்டலில் உட்கார்ந்திருந்தவர் சும்மா திறந்து பார்த்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டி திறந்து கிடக்கிறது, மூடிகள் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். யார் அது என்று கூப்பிட்டிருக்கிறார். அத்தான் பயந்துபோய், பயத்தை மறைக்கப் பெருமையாகப் பேச ஆரம்பித்திருக்கிறார். "வேற யாரும் இல்ல சார், என் ஒய்ஃப்தான். நம்ம அருங்காட்சியகம் எப்படி இயங்குதுன்னு நேர்லயே காட்டறேன் பாருங்க" என்று சொன்னபடி வந்துகொண்டிருந்தார்.

அவர் வருகிறார். நான் பார்க்கிறேன். அவர் கையில் ஃபோன் இருப்பதும் தெரிகிறது.

நான் எழுந்து நின்றேன். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னைத் தாண்டி உள்ளே போய், அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று, ஃபோனை அவள் பக்கம் நீட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் என்று கூப்பிட்டேன். அதற்குள் திரையில் சுவர்கள், சன்னல்கள், மடங்கிய மாடிப்படி எல்லாம் போய்விட்டன. சாம்பல் நிறத்தில் ஒரு பலகை வந்தது. தேர்வு நிறுத்தப்பட்டது, காரணம், அறையில் மற்றொரு நபரும் கைப்பேசியும். கண்காணிப்பாளப் பெண், மன்னிக்கணும் மேடம், என் கையில் எதுவும் இல்லை, கேமராவில் தெரிந்ததும் மெஷினே நிறுத்திவிடும் என்றாள். அக்கா, பரவாயில்லம்மா, நீ என்ன பண்ணுவே என்றாள். முதலாளி ஃபோனிலிருந்து, என்னப்பா ஆச்சு, தெரியலையே, கொஞ்சம் கிட்டக் காட்டு என்றார்.

அத்தான் ஃபோனைத் தாழ்த்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்று வருடத்தில் அவருக்கு வார்த்தை கிடைக்காமல் நான் பார்த்தது அன்றுதான். அதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். முதலாளி மறுபடி கூப்பிட, அவர் பேசியபடியே காருக்குப் போனார்.

அக்கா மெஷினை முறையாக அணைத்தாள். விளக்கு அணையும்வரை காத்திருந்தாள். கீபோர்டை உள்ளே தள்ளி, மெத்தையைச் சோபாவில் போட்டு, மூடிகளைச் சுவரோரம் அடுக்கினாள். நான் உதவப் போனேன், நகர்ந்துகொண்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"அவரை விடு. ஃபோன் வந்தா அவருக்குக் கண்ணு தெரியாது. நீ ஏன்டா கதவைத் திறந்தே?"

"தெரியலக்கா. கை தானா போயிடுச்சு."

"வியாழக்கிழமையுமா?"

எனக்கு எப்போதும் ஏதாவது பதில் வரும். எதிராளி பேசி முடிப்பதற்குள் வந்து நாக்கின் நுனியில் நிற்கும். ஆபீஸில் அதற்காகவே என்னைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்து அவள் ஃபோனை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் உயிர்ப்பிக்கவில்லை, பையில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்தோம். அத்தான் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் ஃபோனோடு நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கம் பஸ் மணிக்கு ஒன்றுதான். நானும் பின்னால் போய், இரண்டடி தள்ளி நின்றேன். அக்கா பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்தது. எங்கள் பக்கம் போகிற பஸ் இல்லை. அது போன பிறகு எதிரே பார்த்தேன். அத்தான் காரின் கதவைச் சாத்திவிட்டு, ஃபோனை அணைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, தெருவைக் கடக்கத் தயங்கிக்கொண்டிருந்தார். தெருவில் வண்டி ஒன்றும் வரவில்லை.